கப்பலிலிருந்து இறங்கும் நாள்: கப்பல் டூரா, உள்ளூர் வேனா, நாமே போவதா?

சிங்கப்பூரில் ஏறி மலேசியாவின் கிள்ளான், பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். கேபின் எடுத்தாயிற்று, விமான டிக்கெட் போட்டாயிற்று, சிங்கப்பூர் விசாவும் வந்துவிட்டது. அப்புறம் கப்பல் நிறுவனத்திடமிருந்து ஒரு பட்டியல் வருகிறது. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஏகப்பட்ட ‘ஷோர் எக்ஸ்கர்ஷன்’, அதாவது கரையில் இறங்கி ஊர் பார்க்கும் டூர், ஒவ்வொன்றுக்கும் தலைக்கு இத்தனை டாலர். ஆறு பேர் போகும் குடும்பம் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் திக்கென்றிருக்கிறது. வெளியே பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார் ஒரு உறவினர். கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும், ஜாக்கிரதை என்கிறார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறோம்.

இந்தப் பாதையில் நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை மனைவியும் நானும் மட்டும், எல்லா ஊரிலும் கப்பல் டூர். இரண்டாம் முறை பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா, அத்தை எல்லாரும் சேர்ந்து ஆறு பேர், பெரும்பாலும் எங்கள் சொந்த ஏற்பாடு. இரண்டிலுமே நன்றாக அமைந்த நாளும் உண்டு, வீணாய்ப் போன நாளும் உண்டு. அந்த அனுபவத்தையும், சாப்பாட்டு மேசையில் பழக்கமான சக பயணிகள் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முழுப் பயணத்துக்கும் ஒரே வழி என்று முடிவு செய்யாதீர்கள். கிள்ளானுக்குச் சரியான வழி பினாங்கில் பணத்தை வீணாக்கும். பினாங்குக்குச் சரியான வழி புக்கெட்டில் ஆபத்தாக முடியலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, கப்பல் நிற்கும் இடத்துக்கும் நீங்கள் பார்க்கப் போகும் இடத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பது. விளம்பரத்தில் ‘கோலாலம்பூர்’ என்று போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பதோ கிள்ளான் துறைமுகத்தில், அதிலும் ஊரை ஒட்டி இல்லாமல் புலாவ் இந்தா தீவில். அங்கிருந்து தலைநகரத்துக்குச் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நெரிசல் இருந்தால் ஒன்றரை மணியையும் தாண்டும். பினாங்கில் இதற்கு நேர்மாறு. கப்பலை விட்டு இறங்கினால் நீங்கள் நிற்பதே அதன் தலைநகர் ஜார்ஜ்டவுனில். புக்கெட்டில் பல கப்பல்கள் கரையைத் தொடுவதே இல்லை. பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, டெண்டர் என்னும் சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டாலே பாதி முடிவு வந்துவிடும்.

இரண்டாவது, கையில் உண்மையாக நிற்கும் நேரம். காலை 8 முதல் மாலை 6 வரை என்று அட்டவணையில் இருந்தால் பத்து மணி நேரம் கிடைத்துவிட்டதாக மனம் கணக்குப் போடும். குடிநுழைவுச் சோதனை முடிந்து படிக்கட்டு திறக்க அரை மணியோ முக்கால் மணியோ ஆகும். ‘எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டிய நேரம்’ என்பது புறப்படும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. சொந்தமாகப் போகிறவர் அதற்கும் மேலே ஒன்றரை மணியாவது கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். இதில் கிள்ளான் போக்குவரத்து மூன்று மணியைக் கழித்துவிட்டால் ஊர் பார்க்க மிஞ்சுவது நான்கு மணி நேரம். அதற்குள் பத்துமலை முருகன் கோயில், இரட்டைக் கோபுரம், ஷாப்பிங் மூன்றும் என்று கணக்குப் போட்டால் எதையுமே ஒழுங்காகப் பார்க்க முடியாது.

மூன்றாவது பணம். டூர் விலை தலைக்கா, வண்டிக்கா என்று முதலில் பாருங்கள். நான்காவது, நேரமாகிவிட்டால் யார் பொறுப்பு. ஐந்தாவது, கப்பலே அந்தத் துறைமுகத்துக்குப் போகாமல் விட்டால் கட்டிய பணம் என்னவாகும். கடைசியாக, உங்களோடு வருகிறவர்களின் முழங்காலும் வயிறும். எத்தனை படி, எவ்வளவு வெயில், கழிப்பறை எங்கே, சைவச் சாப்பாடு கிடைக்குமா? பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கடைசியில் யோசித்தால் நாள் கெட்டுவிடும்.

## கப்பல் நிறுவனத்தின் டூர்

இதன் பெரிய பலம் ஒன்றுதான்: நேரமானால் கப்பல் காத்திருக்கும். சாலையில் விபத்து, மழை, பேருந்து பழுது, எது நடந்தாலும் அவர்கள் டூரில் வந்த கூட்டம் ஏறும்வரை நிற்பார்கள். நிற்க முடியாத நிலை வந்தால் அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மற்ற இரண்டு வழிகளிலும் இந்த உறுதி கிடையாது.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு உதாரணம். 2024 மார்ச்சில் நார்வீஜியன் டான் என்ற கப்பல் ஆப்பிரிக்காவின் சாவோ தோமே தீவில் நின்றிருந்தது. தனியார் டூரில் போன எட்டுப் பயணிகள் நேரம் கடந்து திரும்பினார்கள். கப்பல் அப்போதும் கண்ணெதிரே நங்கூரமிட்டுத்தான் இருந்தது. கடலோரக் காவல் படகு அவர்களைக் கப்பல் அருகே கொண்டுபோயும் ஏற்றிக்கொள்ளவில்லை. அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளைத் துறைமுக முகவரிடம் (கப்பல் நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி) கொடுத்துவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. பல நாடுகளைக் கடந்து, செனகலின் டக்காரில்தான் அவர்களால் மறுபடி கப்பலைப் பிடிக்க முடிந்தது. சிங்கப்பூரிலிருந்து போகும் பாதை அவ்வளவு கடினமானதில்லை, விமானங்கள் நிறைய இருக்கின்றன. ஆனாலும் எழுபது வயது அம்மாவோடு, மருந்துப் பை கேபினில் இருக்க, தெரியாத துறைமுகத்தில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த பலம் பணம் திரும்பக் கிடைப்பது. வானிலை சரியில்லை என்று கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தால் அந்த டூர் பணம் நீங்கள் கேட்காமலே திரும்பிவரும். டெண்டர் படகு ஓடும் ஊர்களில் டூர் எடுத்தவர்களைத்தான் முதல் படகுகளில் இறக்குவார்கள். இதுவும் சின்ன விஷயமில்லை, மற்றவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்திருக்க நேரிடும்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். விலை தலைக்கு என்பதால் குடும்பம் பெரிதாகப் பெரிதாக அடி பலமாகும். தலைக்கு 80 டாலர் என்று வைத்துக்கொண்டால் தம்பதிக்கு 160, எங்களைப் போன்ற ஆறு பேருக்கு 480. டாலரில் கார்டு தேய்த்தால் பெரும்பாலான இந்திய கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் வரியும் சேரும். சாப்பாடும் நுழைவுச்சீட்டும் சேர்ந்த விலையா என்று ஒவ்வொரு டூருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பணத்தைவிட எனக்கு வலித்தது நேரம். முதல் பயணத்தில் கிள்ளானில் கப்பல் டூர் எடுத்தோம். காலையில் கப்பலின் அரங்கத்தில் கூடி, ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, நாற்பது பேரும் வந்து சேரும்வரை காத்திருந்தோம். பத்துமலையில் எங்களுக்குக் கொடுத்தது முக்கால் மணி நேரம். அங்கே படி 272. ஏறி, மூச்சு வாங்கி, குகைக்குள் நின்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் கீழே இறங்கச் சொல்லும் நேரம் வந்துவிட்டது. அதே டூரில் ஒரு சாக்லேட் கடையில் நாற்பது நிமிடம் நிறுத்தினார்கள். அந்த நாற்பது நிமிடம் மலையில் கிடைத்திருந்தால் என்று இன்றைக்கும் மனைவி சொல்வாள். டூர் விவரத்தில் ‘கைவினைப் பொருள் விற்பனையகம்’, ‘உள்ளூர் சுவை அனுபவம்’ என்று எழுதியிருந்தால் அது கடை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். கப்பல் விற்கும் டூரைக் கப்பல்காரர்களே நடத்துவதில்லை, உள்ளூர் நிறுவனம்தான் நடத்துகிறது. கப்பல் விற்றால் பத்திரமாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வெள்ளைத் தீவு எரிமலை வெடித்தபோது அங்கே 47 பேர் இருந்தார்கள். அவர்களில் 38 பேர் ஓவேஷன் ஆஃப் த சீஸ் கப்பலிலிருந்து வந்தவர்கள். அந்த 47 பேரில் 22 பேர் இறந்துபோனார்கள். கடல், மலை, உயரம் சம்பந்தப்பட்ட டூராக இருந்தால், யார் விற்றாலும் நீங்கள் தனியாக விசாரியுங்கள்.

இது யாருக்கு: முதல் முறை கப்பலில் போகிறவர்கள், ஊர் துறைமுகத்திலிருந்து தூரமாக இருக்கும்போது, இரண்டு பேர் மட்டும் போகும்போது, நடுவே இன்னொரு படகில் ஏற வேண்டியிருக்கும்போது.

## முன்பே பேசிவைத்த உள்ளூர் வேன்

இதில் விலை வண்டிக்கு. எட்டு, பத்து இருக்கை வேனை நாள் வாடகைக்குப் பேசினால் இரண்டு பேர் ஏறினாலும் ஆறு பேர் ஏறினாலும் ஏறத்தாழ அதே தொகைதான். ஐந்து பேருக்கு மேல் போகும் குடும்பத்துக்குக் கணக்கு பெரும்பாலும் இங்கேதான் சரியாக வருகிறது. அதைவிடப் பெரிய லாபம் நாள் உங்கள் கையில் இருப்பது. அம்மாவுக்குக் கால் வலித்தால் உட்காரலாம், சின்னவனுக்குப் பசித்தால் நிறுத்தச் சொல்லலாம்.

இரண்டாம் பயணத்தில் கிள்ளானில் இப்படித்தான் போனோம். பத்துமலையில் இரண்டு மணி நேரம் முழுசாக இருந்தோம். 42.7 மீட்டர் முருகன் சிலையின் அடியில் அம்மாவும் அத்தையும் நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் நால்வரும் மேலே போய் வந்தோம். தம்புசாமிப் பிள்ளை முயற்சியில் 1890 வாக்கில் அங்கே கோயில் அமைந்த கதையை அத்தை பக்கத்தில் இருந்த மலேசியக்காரப் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நாங்கள் இறங்கி வந்ததும் எங்களுக்குச் சொன்னார். மலையடிவாரத்திலேயே வாழையிலைச் சைவச் சாப்பாடு. கப்பல் டூரில் அந்த உட்காரலும் அந்தப் பேச்சும் அமைந்திருக்காது.

ஆனால் அந்த நாளின் முதல் ஐம்பது நிமிடத்தை இழந்தோம், தவறு என்னுடையது. வேன்காரரிடம் ‘கிள்ளான் துறைமுகம்’ என்று மட்டும் சொல்லியிருந்தேன். அங்கே வடக்கு, தெற்கு, மேற்கு என்று துறைமுகங்கள் பல. அவர் ரயில் நிலையத்துப் பக்கம் போய் நின்றுவிட்டார். பயணிகள் கப்பல் முனையத்தின் முழுப் பெயர், கப்பலின் பெயர், வந்து சேரும் நேரம் மூன்றையும் எழுத்தில் அனுப்புங்கள். வண்டி வாசல்வரை வருமா, வெளி கேட்டில்தான் நிற்குமா என்பதையும் கேளுங்கள். பெரியவர்களுக்கு அந்த நடை தூரம் முக்கியம்.

மறைந்திருக்கும் செலவு என்றால் சுங்கம், பார்க்கிங், பேசிய நேரம் தாண்டினால் மணிக்கு இவ்வளவு, ஓட்டுநருக்கு அன்பளிப்பு. ஓட்டுநர் வழிகாட்டி கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம், கதை சொல்ல ஆள் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ரத்து விதியில் இருக்கிறது. ‘24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் முழுப் பணம்’ என்று போட்டிருப்பார்கள், கேட்க நன்றாக இருக்கும். கப்பல் துறைமுகத்தைத் தவிர்க்கும் செய்தியோ பல சமயம் அன்று காலையில்தான் வரும். எனவே, ‘கப்பல் வராவிட்டால் முழுப் பணம் திருப்பித் தருவோம்’ என்று தனியாக எழுதித் தருகிறவரிடம் மட்டும் முன்பணம் கட்டுங்கள். கப்பல் பயணிகளையே வழக்கமாக ஏற்றும் வண்டிக்காரர்கள் இதற்குத் தயங்குவதில்லை. தயங்குகிறவர் கப்பல் நேரமும் அறியாதவராக இருப்பார் என்பது என் அனுமானம்.

இது யாருக்கு: ஐந்து பேருக்கு மேற்பட்ட குடும்பம், பெரியவர்களும் குழந்தைகளும் கலந்த கூட்டம், ஓரிடத்தை ஆற அமரப் பார்க்க நினைப்பவர்கள். தரை வழியாகப் போகும் இடங்களுக்கு மட்டும்.

## நாமே இறங்கிப் போவது

நடந்தோ, செல்போன் செயலியில் அழைக்கும் கிராப் வாடகை வண்டியிலோ, ரயிலிலோ போவது. செலவு மிகக் குறைவு, பொறுப்பு முழுக்க நம்முடையது.

இதற்கென்றே அமைந்த ஊர் பினாங்கு. முதல் பயணத்தில் எங்கள் மேசையில் பினாங்கில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறிய ஒரு அம்மா இருந்தார். அங்கேயும் கப்பல் டூருக்குப் பணம் கட்டியிருக்கிறோம் என்றதும், “அய்யோ, அங்க எதுக்கும்மா டூரு? மணிக்கூண்டைத் தாண்டினா ஊரு வந்துரும்” என்றார். உண்மைதான். சுவெட்டன்ஹாம் முனையத்தை விட்டு வெளியே வந்ததும் விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டு நிற்கிறது. அவர் ஆட்சியின் அறுபதாம் ஆண்டுக்காகக் கட்டியது, உயரமும் அறுபது அடி. பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. குயீன் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், அருகிலேயே 1801-இல் தமிழ் முஸ்லிமான காதர் முகைதீன் தொடங்கிய கப்பித்தான் கிள்ளிங் பள்ளிவாசல், அதே தெருவில் சீனக் கோயில், தேவாலயம். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த பகுதி இதுதான், அதன் நடுவில் நீங்கள் நடந்துகொண்டிருப்பீர்கள். கடைக்காரரிடம் தமிழில் வழி கேட்கலாம். இரண்டாம் முறை அத்தைக்கு அங்கே ஒரு பூக்கடையில் பேச்சுத் துணை கிடைத்து, அவரை அழைத்துவரவே அரை மணி ஆனது. இந்த ஊரைப் பேருந்துக் கண்ணாடி வழியாகப் பார்க்கப் பணம் கட்டுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒரே எச்சரிக்கை, கோயில் நண்பகலில் நடை சாத்திவிடும், வெயிலும் கடுமை. காலையில் கோயில், உச்சியில் சாப்பாடும் ஏசியும், பிறகு ஆர்மீனியன் தெருச் சுவரோவியங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பினாங்கு மலை ரயிலுக்கோ தண்ணீர்மலை முருகனுக்கோ போக கிராப் போதும். ஆனால் மலை ரயிலில் விடுமுறை நாள் வரிசை நீளமாக இருக்கும், கப்பல் மாலையில் சீக்கிரம் கிளம்பும் நாளில் அதைத் தொடாதீர்கள். தண்ணீர்மலைக்கு 500-க்கு மேல் படி, பத்துமலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

கிள்ளானில் இந்த வழி எனக்குச் சரிப்படவில்லை. துறைமுக ஊரிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்குக் கேடிஎம் கம்யூட்டர் ரயில் இருக்கிறது, கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் கப்பல் முனையத்திலிருந்து அந்த நிலையத்துக்கே வண்டி பிடிக்க வேண்டும். பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயில், பத்துமலைக்கு இன்னொரு ரயில். ரயில்களுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். ஒரு ரயில் தவறினால் நாளே குலைந்துவிடும். இருபது வயதில் நண்பர்களோடு போனால் செய்யலாம். அம்மாவை அழைத்துப் போகிறவர் செய்ய வேண்டாம்.

செலவு குறைவு என்றாலும் மறைந்திருக்கும் செலவு இதிலும் உண்டு. மூன்று நாட்டிலும் வேலை செய்யும் ரோமிங் அல்லது இ-சிம் வேண்டும். கிராப் கணக்கைத் திறந்து, கார்டைச் சேர்க்கும் வேலையை ஊரிலேயே முடித்துவிடுங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும், கரையில் நின்றுகொண்டு அது வராமல் தவிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மழை பிடித்தால் வண்டிக் கட்டணம் ஏறும். வண்டி கிடைக்கவே நேரமாகும், அந்த நேரத்தைக் கையிருப்பிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

அப்புறம் கடிகாரம். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம், தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் இறங்கியதும் செல்போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம். எங்கள் பயணத்தில் அப்படித்தான் இருந்தது. பாத்தோங்கில் ஒரு கடையில் நின்று, போனைப் பார்த்து 2:40, நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை கையைத் தூக்கி 3:40 என்று காட்டினார். அவர் தன் பழைய டைட்டன் கடிகாரத்தைச் சிங்கப்பூரில் ஒருமுறை மாற்றியவர், அதன்பின் தொடவில்லை. கடைசி டெண்டர் 4:30-க்கு. அவர் கையில் அது இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. குழுவில் ஒருவராவது கப்பல் நேரம் வைத்த கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

இது யாருக்கு: துறைமுகமே ஊராக இருக்கும் இடங்களுக்கு, வழி கேட்கத் தயங்காதவர்களுக்கு, அரை நாளில் இரண்டு இடம் போதும் என்று இருப்பவர்களுக்கு.

## இறங்காமலே இருப்பது

இதையும் ஒரு தேர்வாக மதியுங்கள். கப்பலே காலியாகிவிடும், நீச்சல் குளத்தில் இடம் கிடைக்கும், சாப்பாட்டில் வரிசை இருக்காது. எல்லா ஊரிலும் இறங்கியே தீரவேண்டும் என்று வயதானவர்களை இழுத்துக்கொண்டு அலைந்தால் கடைசி நாளில் காய்ச்சலில் படுப்பார்கள். இரண்டாம் பயணத்தில் கிள்ளானுக்கு அடுத்த நாள் அம்மா இறங்கவில்லை. பன்னிரண்டாவது மாடி நிழலில் நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பயணத்திலேயே பிடித்த நாள் அதுதானாம்.

## புக்கெட்டைத் தனியாகப் பேச வேண்டும்

மூன்று துறைமுகங்களில் நான் அதிகம் கவலைப்படுவது புக்கெட்டைப் பற்றித்தான். நம் ஊரில் பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியும் மே மாதமும். தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடலில் தொடங்குவதும் மே மாதத்தில்தான், அக்டோபர்வரை அலை முரடாக இருக்கும். பாத்தோங் மேற்குக் கரையில் இருப்பதால் காற்று நேராக வந்து மோதும். டெண்டர் படகு ஓட்ட முடியாமல் கப்பல் அப்படியே கடந்து போவது நடக்கக்கூடிய விஷயம். மே மாதத்தில் போகிறவர் புக்கெட்டுக்கு வெளியாரிடம் முன்பணம் கட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

பீபீ தீவு, பாங்ஙா விரிகுடா என்று வேகப் படகில் போகும் பயணங்கள்தான் அங்கே பெயர்பெற்றவை. கப்பலிலிருந்து டெண்டர், கரையில் வண்டி, பிறகு இன்னொரு படகு, அதே போலத் திரும்ப. இத்தனை கண்ணியில் எது அறுந்தாலும் கப்பல் தவறிவிடும். அதற்குப் போவதாக இருந்தால் கப்பல் டூரில் மட்டும் போங்கள், அதுவும் நவம்பர் முதல் ஏப்ரல்வரை. 2018 ஜூலையில் புக்கெட் அருகே புயல் அலையில் ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும் நாளில், யாராவது குறைந்த விலைக்குப் படகு அழைத்தால் போகாதீர்கள்.

கடல் வேண்டாம், பழைய புக்கெட் டவுனும் தாலாங் தெருவும் போதும் என்றால் வண்டி பேசிப் போகலாம். பாத்தோங்கிலிருந்து மலைச்சாலை, சாயங்காலம் நெரிசல், எனவே காலையிலேயே போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். உங்கள் கப்பல் பாத்தோங்கில் நிற்காமல் மக்காம் விரிகுடாத் துறைமுகத்தில் கட்டுவதாக இருந்தால் டெண்டர் பிரச்சினை இல்லை, டவுனும் பக்கம். அப்போது வேன் நல்ல தேர்வாகிவிடும். எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

## சக பயணிகளிடம் என்ன கேட்பது

போய் வந்தவர்கள் சொல்வதைப் போல உதவுவது வேறில்லை. ஆனால் ‘நன்றாக இருந்தது’, ‘வேஸ்ட்’ என்ற சொற்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த மாதம் போனீர்கள், எத்தனை பேர், பெரியவர்கள் இருந்தார்களா, கப்பல் எந்த முனையத்தில் நின்றது, எத்தனை மணிக்குக் கரையில் கால் வைத்தீர்கள், எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள் என்று கேளுங்கள். ஜனவரியில் புக்கெட் போன தம்பதியின் அனுபவம் மே மாதம் பாட்டியோடு போகும் உங்களுக்குப் பொருந்தாது. கப்பலில் ஏறிய முதல் நாள் இரவே மேசையில் பேச்சுக் கொடுங்கள். அந்தப் பாதையில் முன்பே போன ஒருவராவது இருப்பார். வேனில் இரண்டு இருக்கை காலியாக இருந்தால் பங்கு போட்டுக்கொள்ளவும் ஆள் கிடைக்கும். ஆனால் திரும்பும் நேரத்தை அவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், கடையில் மெதுவாக நிற்பவர்களோடு சேர்ந்து போனால் தவிப்பு உங்களுக்கு.

எந்த வழியில் போனாலும் கப்பல் கார்டு, பாஸ்போர்ட் நகல், ஒரு நாள் மருந்து, ஒரு வங்கி கார்டு இவை கையில் இருக்கட்டும். அறைக்கு வரும் தினசரித் தாளில் துறைமுக முகவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும், அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரமாகிறது என்று தெரிந்தால் உடனே அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

இன்னும் முடிவு செய்ய முடியவில்லை என்றால் கிள்ளானுக்கும் புக்கெட்டுக்கும் கப்பல் டூரை இப்போதைக்குப் பதிவு செய்து வைக்கலாம். பயணத்துக்கு முன்பே பதிந்தால் சலுகை விலை கிடைப்பதும் உண்டு. பல கப்பல்களில் துறைமுகத்துக்கு 48 மணி நேரம் முன்புவரை பணம் போகாமல் ரத்து செய்ய முடியும், உங்கள் பதிவில் இருக்கும் விதியை மட்டும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். அதற்குள் நம்பகமான வேன் கிடைத்தால் கிள்ளானை மாற்றிக்கொள்ளலாம். பினாங்குக்கு எதையும் பதிவு செய்ய வேண்டாம். நல்ல செருப்பும் குடையும் போதும்.